ஜி.பி.எஸ். பெட்டிக்கு 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது

ஜி.பி.எஸ். காட்டிய வழியில் போய் ஒருவர் காரை ஆற்றில் விட்டார் என்று செய்தி வந்தால் போதும், ஊருக்கே சிரிப்பு. "கண்ணு எங்கய்யா போச்சு?", "படிச்ச முட்டாள்", "எங்க தாத்தா காலத்துல மேப்பா இருந்துச்சு?" என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. சிரித்து முடித்த அதே ஆள் காரில் ஏறுகிறார். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெட்டி "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்கிறது. மறுபேச்சில்லாமல் திரும்புகிறார். வீட்டில் பெண்டாட்டி சொன்னாலும் இவ்வளவு பணிவு கிடையாது :-)

இந்தச் சிரிப்பால் லாபம் யாருக்கு என்று யோசித்தால் விஷயம் கொஞ்சம் விவகாரமாகும். ஓட்டியவர் முட்டாள் என்று முடிவாகிவிட்டால் பெட்டியைச் செய்தவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வரைபடம் தொகுத்தவரைக் கேட்க மாட்டார்கள். அறுந்துபோன பாலத்துக்கு முன்னால் நாலு டிரம்மை உருட்டி வைக்காத அரசுத் துறையைக் கேட்கவே மாட்டார்கள். செத்தவர் தலையில் பழி, கேஸ் குளோஸ்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா - நெவாடா எல்லையில் டெத் வேலி என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. மரணப் பள்ளத்தாக்கு. 1913-ல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம். உலகத்திலேயே பதிவான உச்ச வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருப்பது அந்தக் கணக்கைத்தான். 2009 ஆகஸ்டில், ஒரு தாய் தன் ஆறு வயது மகனோடு அங்கே முகாம் போட்டுத் தங்கலாம் என்று போனார். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தது. அது காட்டிய தடத்தில் போய், ஆள் நடமாட்டமே இல்லாத ஓரிடத்தில் வண்டி மணலில் புதைந்துவிட்டது. ஐந்து நாள் கழித்துப் பூங்காக் காவலர் கண்டுபிடித்தபோது தாய்க்கு உயிர் இருந்தது. பையனுக்கு இல்லை. அங்குள்ள காவலர்கள் இந்த மாதிரிச் சாவுகளுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: 'ஜி.பி.எஸ். சாவு'.

அந்தத் தாயைப் பார்த்தும் சிரிக்கலாமா? பாலைவனத்தில் யாரோ எப்போதோ சுரங்க வேலைக்குப் போட்ட தடங்கள், பல வருஷத்துக்கு முன்பே மூடிய பாதைகள், மழையில் அடித்துக்கொண்டு போன வழிகள், எல்லாம் வரைபடத் தரவில் உயிரோடு இருந்தன. பெட்டிக்கு அது ஒரு கோடு. ஆறு வழி நெடுஞ்சாலையும் ஒரு கோடு. அப்புறம் காவலர்களே வரைபடக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டி, இல்லாத ரோடுகளை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. விற்றவர் செய்ய வேண்டிய வேலையை, பிணம் தூக்கியவர்கள் செய்தார்கள்.

இங்கே ஒரு பெரிய கட்டுக்கதையை உடைக்க வேண்டும். "சாட்டிலைட் வழி காட்டுது" என்கிறார்கள். சாட்டிலைட்டுக்கு ரோடு என்றால் என்னவென்றே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போது மணி இது, என் இடம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும்தான் அதன் வேலை. குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது பெட்டி. அத்தோடு வானத்தின் பங்கு முடிந்தது. ரோடு, திருப்பம், பாலம், ஒருவழிப்பாதை எல்லாம் பெட்டியின் நினைவகத்தில் யாரோ ஏற்றிவைத்த வரைபடத்தில் இருப்பவை.

2000-ம் வருஷம் மே மாதத் தொடக்கம் வரைக்கும், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை சேர்த்துக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் காரில் வைக்கிற மாதிரி ஒரு பெட்டிக்கு அர்த்தமே வந்தது. டாம்டாம் கோ 2004-ல் வந்தது, கார்மின் நூவி 2005-ல். அன்றிலிருந்து 'எங்கே இருக்கிறோம்' என்ற கேள்வி கிட்டத்தட்ட தீர்ந்துபோன கேள்வி. தீராதது 'எதிரே இருப்பது ரோடுதானா' என்பது. ஆனால் விளம்பரத்தில் வருவது என்ன? நீல வானம், பளபளக்கும் சாட்டிலைட், சிரிக்கும் குடும்பம். வரைபடத்தை யார், எந்த வருஷம் போய்ச் சரிபார்த்தார்கள் என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி கிடையாது.

பழைய காகித மேப்பில் ஒரு நேர்மை இருந்தது. மண்பாதையைப் புள்ளிக்கோடாகப் போட்டிருப்பான். நல்ல ரோட்டைத் தடித்த சிவப்பில் போட்டிருப்பான். மூலையில் அச்சிட்ட வருஷம் இருக்கும். பார்க்கிறவருக்கு, "இது பதினைஞ்சு வருஷப் பழசு, அந்தப் புள்ளிக்கோட்டை நம்ப வேண்டாம்" என்று ஒரு சந்தேகம் வர இடமிருந்தது. பெட்டி அந்தச் சந்தேகத்தைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்கிறது. தார் ரோடானாலும் மண்தடமானாலும் மேலே ஓடுவது ஒரே நிறக் கோடு, ஒரே தடிமன், ஒரே இனிமையான பெண் குரல். உறுதியாகத் தெரிந்ததையும் குத்துமதிப்பாகத் தெரிந்ததையும் ஒரே தொனியில் சொல்கிற மனுஷனை ஊரில் என்னவென்று கூப்பிடுவார்கள்? பெட்டி என்பதால் மரியாதை.

இதில் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பல பெட்டிகளின் அமைப்புப் பட்டியலில், நாலு அடுக்கு உள்ளே போனால், 'தார் போடாத சாலைகளைத் தவிர்' என்று ஒரு தேர்வு இருக்கும். எந்த ரோடு தார் போடாதது என்று தரவில் குறித்திருந்தால்தானே தவிர்க்க முடியும்? அப்படியானால் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் அதைக் கோட்டின் நிறத்தில் காட்டவில்லை, குரலில் சொல்லவில்லை. ஏன்? புள்ளிக்கோடும் எச்சரிக்கையுமாகத் திரை இருந்தால், கடையில் பார்க்கிறவருக்கு "இந்த மாடலுக்கு ஒண்ணும் சரியாத் தெரியாது போல" என்று தோன்றிவிடும். பக்கத்து அலமாரியில் இருக்கிற, எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கிற பெட்டி விற்றுப்போகும்.

இன்னொரு தேர்வு, 'மிகக் குறுகிய தூரம்'. கேட்க எவ்வளவு நல்ல வார்த்தை. பெட்ரோல் மிச்சம். 2011 மார்ச்சில் கனடாவிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் கிளம்பிய ஒரு வயதான தம்பதி, நெவாடாவின் வடகிழக்கு மூலையில் நெடுஞ்சாலையை விட்டு ஒரு மலைத்தடத்தில் இறங்கினார்கள். குறுக்குவழி. வேன் சேற்றில் சிக்கியது. கணவர் உதவி தேடி நடந்து போனார். மனைவி, வண்டியில் இருந்த கொஞ்சம் தின்பண்டத்தையும் உருக்கிய பனியையும் வைத்துக்கொண்டு ஏழு வாரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மே மாதம் வேட்டைக்கு வந்தவர்கள் பார்த்துக் காப்பாற்றினார்கள். கணவரின் உடல் 2012-ல்தான் கிடைத்தது. தூரம் குறைவு என்றால் நேரம் குறைவு என்று அர்த்தமில்லை. பனிக்காலத்தில் அந்த ரோடு இருக்குமா என்பது பெட்டியின் கணக்கிலேயே வராது.

சரி, கடைக்குப் போவோம். பெட்டி வாங்க வருகிறவரிடம் விற்பவர் ஆரம்பிப்பது எப்போதும் திரையிலிருந்துதான். "ஏழு இன்ச் சார்". அடுத்து, "லட்சக்கணக்கான இடம் உள்ளேயே இருக்கு சார், ஓட்டல், பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்.". அதில் எத்தனை ஓட்டல் இன்னும் திறந்திருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதற்குப் பிறகு பிரம்மாஸ்திரம்: "வாழ்நாள் முழுக்க மேப் இலவசம் சார்".

யாருடைய வாழ்நாள்? வாங்குகிறவருடையது என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும், அது பெட்டியின் 'பயனுள்ள வாழ்நாள்'. அது எப்போது முடிகிறது என்று தீர்மானிப்பது பெட்டியைச் செய்தவர். 2018-ன் தொடக்கத்தில் டாம்டாம் இதைச் செய்தே காட்டியது. தன் பழைய மாடல்கள் பலவற்றுக்கு இனி புது வரைபடம் கிடையாது என்று அறிவித்தது. காரணம், புது வரைபடத்தைத் தாங்கும் திறன் அந்தப் பெட்டிகளுக்கு இல்லையாம். 'வாழ்நாள் வரைபடம்' என்று கூடுதல் காசு கொடுத்தவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். 'வாழ்நாள்' என்ற வார்த்தையைப் பெரிய எழுத்திலும் அதன் அர்த்தத்தைப் பொடி எழுத்திலும் போடுவது மட்டும் எந்த ஊர் நியாயம்?

கார்மினும் இதில் சுத்தம் கிடையாது. அதன் வாழ்நாள் திட்டத்திலும் அதே பயனுள்ள வாழ்நாள், அதே பொடி எழுத்து.

ஆகவே திரையின் அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியது இதுதான்: போகப் போகிற நாட்டின் முழு வரைபடம் உள்ளே இருக்கிறதா, அதைப் புதுப்பிக்க எவ்வளவு நாள் வாக்குறுதி, புதுப்பித்த வரைபடம் பெருத்தால் உள்ளே இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் மெமரி கார்டு போட வழி உண்டா. பழைய மாடல்கள் தள்ளுபடியில் கிடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் ஒளிந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: ஜி.பி.எஸ். வாரங்களை எண்ணுகிற கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6. அதற்கான மென்பொருள் திருத்தம் ஏற்றாத பழைய பெட்டிகளில் சில, அன்றோடு தேதியும் நேரமும் குழம்பிப் போயின. அடுத்த முறை 2038-ல்.

குரல் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. மலிவான பெட்டி "வலப்புறம் திரும்பவும்" என்று மட்டும் சொல்லும். தெருப் பெயரையும் சேர்த்து வாசிக்கிற பெட்டியில், காதில் விழும் பெயரைப் பலகையில் இருக்கும் பெயரோடு ஓட்டுபவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதாவது, பெட்டி பொய் சொன்னால் பிடித்துவிட வாய்ப்பிருக்கிறது. நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்று படம் காட்டுகிற வசதியும் காசுக்குத் தகும். கடைசி நொடியில் மூன்று தடத்தைக் குறுக்கே வெட்டுகிற பழக்கத்தை அது குறைக்கும்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, போன் இருக்கும்போது பெட்டி எதுக்கு?" என்பார். நியாயமான கேள்வி. 2009 அக்டோபர் 28 அன்று கூகுள் தன் ஆண்ட்ராய்டு போன்களில் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்வதை இலவசமாக அறிவித்தது. அன்றைக்கே கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. இன்று போன்களிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதனால் சிக்னல் இல்லாத இடத்தில் பெட்டிதான் ராஜா என்ற பழைய பாட்டு முழுசாக எடுபடாது. இருந்தாலும் இறக்கி வைக்க எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? மலையேறின பிறகுதான் ஞாபகம் வரும். பெட்டியில் வரைபடம் பிறந்ததிலிருந்தே உள்ளே இருக்கிறது, நடுவில் மாமாவின் போன் வராது, வாட்ஸப் சத்தம் போடாது.

லாரி ஓட்டுகிறவருக்குப் பெட்டி இன்னும் அவசியம். ஆனால் லாரிக்கென்று செய்த பெட்டி. அதில் வண்டியின் உயரம், எடை, நீளம் எல்லாம் கொடுக்கலாம். காருக்கான பெட்டிக்கோ போனுக்கோ லாரியின் உயரம் தெரியாது. பிரிட்டனில் ரயில் பாலங்களில் வண்டி மோதுகிற சம்பவம் வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். எல்லாவற்றுக்கும் பெட்டி காரணமில்லை, சொந்த வண்டியின் உயரம் தெரியாமல் ஓட்டுகிறவர்களும் அதில் சேர்த்தி. ஆனால் கார் பெட்டியைக் காசு மிச்சம் என்று லாரியில் ஒட்டிக்கொடுக்கிற முதலாளி, மோதினதும் டிரைவரை முட்டாள் என்கிறபோது, அந்தச் சிரிப்பில் யாரும் சேர வேண்டியதில்லை.

இந்தியாவில் 2000-களின் பின்பாதியில் மேப்மைஇந்தியா, சாட்கைடு என்று பெட்டிகள் வந்தன. பாவம், அவை பட்ட பாடு. சென்னையில் ஒரே கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. வழி கேட்டால் "பிள்ளையார் கோயில் தாண்டி, அந்த இஸ்திரி வண்டி நிக்கும் பாருங்க" என்கிற ஊர் அது. வெளிநாட்டில் வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் போட்டால் வாசலில் கொண்டுபோய் விடும் பெட்டி இங்கே பேட்டை வரைக்கும் வந்து கைகட்டி நிற்கும். போதாக்குறைக்கு 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களையெல்லாம் மாற்றினார்கள். கன்னியாகுமரி போகும் என்.எச். 7 இப்போது 44. வரைபடத்தைப் புதுப்பிக்காத பெட்டி ஏழு என்று சொல்லும், பலகை நாற்பத்து நாலு என்று சொல்லும்.

எல்லாம் பெட்டியின் குற்றம், ஓட்டுகிறவர் பச்சைக்குழந்தை என்றும் சொல்லிவிட முடியாது. 2009-ல் இத்தாலியில் சுற்றிய ஒரு ஸ்வீடன் தம்பதி, காப்ரி தீவுக்குப் போக வேண்டியவர்கள், எழுத்து இடம் மாறிக் கார்ப்பி என்று அடித்துவிட்டார்கள். சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழில் நகரத்தில் போய் இறங்கி, நீலக் குகை எங்கே என்று விசாரித்தார்கள். தீவுக்குக் காரிலேயே எப்படி வந்தோம், நடுவில் கடல் எங்கே போயிற்று என்று இருவருக்குமே தோன்றவில்லை. 2013-ல் பெல்ஜியத்தில் ஒரு அம்மாள், பக்கத்தில் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் தெரிந்தவரைக் கூட்டிவரக் கிளம்பி, குரோஷியாவின் ஸாக்ரெப் வரை ஓட்டிவிட்டார். பெயர்ப்பலகைகள் ஜெர்மனுக்கு மாறின, நடுவில் தூங்கி எழுந்தார், பெட்ரோல் போட்டார், ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இவர்கள் அசடுகளாக இருந்ததால் இப்படி ஆனது என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு ஆய்வு இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆட்கள் 2017-ல் வெளியிட்டது. 24 பேரை லண்டன் சோஹோ பகுதியின் மாதிரித் தெருக்களில் திரையில் வழி தேடவிட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். தாங்களே வழி தேடியபோது, புதுத் தெருவுக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும் ஹிப்போகேம்பஸும் மூளையின் முன்பகுதியும் துள்ளின. கருவி வழி சொன்னபோது அந்தத் துள்ளல் இல்லை. அதாவது மூளை, வேலையை ஒப்படைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுகிறது. வாங்குகிற எல்லோருடைய மூளையும் இப்படித்தான் என்று வைத்துக்கொண்டுதானே பெட்டியை வடிவமைக்க வேண்டும்? ஓட்டுநர் எந்நேரமும் விழிப்போடு பெட்டியைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பார் என்ற கற்பனையில் வடிவமைத்துவிட்டு, முதலில் திறக்கும்போது ஒரு எச்சரிக்கைத் திரை காட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டச் சொல்வது பொறுப்பைக் கைகழுவுகிற வேலை. அதை யார் படித்திருக்கிறார்கள்?

எழுத்தை அடிப்பது வண்டி நிற்கும்போதே நடக்க வேண்டும். அடித்ததும் மொத்த தூரத்தையும் முழு வழியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காப்ரிக்காரர்கள் இந்த அரை நிமிஷத்தைச் செலவழித்திருந்தால் கதையே இல்லை. பெட்டியை ஒட்டுகிற இடமும் முக்கியம். கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிற சைக்கிள்காரனை மறைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. கலிஃபோர்னியாவில் 2009 ஜனவரி வரை கண்ணாடியில் ஒட்டவே அனுமதி இல்லை. இப்போதும் கீழ் மூலைகளில், அளவு குறித்த சின்னச் சதுரத்துக்குள் மட்டும்தான். இறங்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டால் போதாது, உறிஞ்சி ஒட்டிய வட்டத் தடத்தையும் துடைக்க வேண்டும். திருடனுக்கு அந்த வட்டம் போதும், பெட்டி டேஷ்போர்டு அறைக்குள் இருக்கிறது என்று புரிந்துகொள்ள.

பெட்டி நம் வழியை மட்டும் சொல்வதில்லை, நம்மைப் பற்றியும் சொல்லும். 2011-ல் நெதர்லாந்தில் வெளியே வந்த விஷயம் இது. டாம்டாம் தன் பெட்டிகளிலிருந்து திரட்டிய வேகக் கணக்குகளைப் பெயர் நீக்கி விற்றது. போக்குவரத்தைச் சீர்செய்ய என்று வாங்கப்பட்ட அந்தக் கணக்கு போலீஸ் கைக்குப் போய், எங்கே வேகக் கேமரா வைத்தால் வசூல் ஆகும் என்று பார்க்கப் பயன்பட்டது. கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். காசு கொடுத்து வாங்கியவர், அந்தக் கேமராவுக்கு அபராதமும் கட்டியிருப்பார்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், ராமகங்கை ஆற்றின் மேல் அரைகுறையாக நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் செத்தார்கள். அதற்கு முன்பே வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி போயிருந்தது. வரைபடத்தில் போகவில்லை. பாலத்தின் வாயில் உருப்படியான தடுப்பும் இல்லை. அன்றும் ஊர் சிரித்தது. ஆனால் அந்த முறை போலீஸ் போட்ட வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார்கள். வழக்கு எங்கே போய் முடிந்தாலும், கேள்வி சரியான வாசலில் போய் நின்றது.

பிரிட்டனில் 2017 டிசம்பரிலிருந்து ஓட்டுநர் உரிமத் தேர்விலேயே இந்தப் பெட்டியைச் சேர்த்துவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் பெட்டி சொல்கிறபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பெட்டியைக் கொண்டுவந்து பொருத்துவது தேர்வாளர். நடுவில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வேறு வழியில் போய்விட்டால் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். வழியைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று கண்ணாடி பார்க்காமல், சிக்னல் போடாமல் சடாரென்று திருப்பினால்தான் ஃபெயில்.